அம்மாவைக் கூட்டிக்கிட்டு லால்பாக் மலர் கண்காட்சி போகணும், எந்த நாள் எந்த வழி? (காவேரிப்பட்டணத்துல இருந்து)

காவேரிப்பட்டணத்தான் — ஆகஸ்ட் 10, 2025, ஞாயிறு, இரவு 8:40

வணக்கம் மக்களே. அம்மாக்கு 60 வயசு ஆகுது, முட்டி வலி இருக்கு, ஆனா நடக்கறதுல என்னைய விட ஸ்பீடு. விஷயம் என்னன்னா 1987ல கல்யாணம் ஆன புதுசுல அப்பா அவங்கள பெங்களூர் லால்பாக் கூட்டிட்டுப் போயிருக்காரு, அங்க பூ கடிகாரம் முன்னாடி நின்னு எடுத்த கலர் போட்டோ ஒண்ணு பீரோ உள்ள இன்னும் இருக்கு. அம்மா பக்கத்துல தொப்பி வெச்ச குள்ளன் பொம்மை ஒண்ணு நிக்கும். சின்ன வயசுல அது யாருப்பான்னு கேட்டா "உங்க சித்தப்பா"ம்பாரு அப்பா, நானும் ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன்.

அப்பா தவறி மூணு வருஷம் ஆச்சு. நேத்து டிவில கண்காட்சி காட்டினப்போ அம்மா பூ கட்டிட்டே தலையக்கூட தூக்காம "அந்தக் கடிகாரம் இன்னும் ஓடுதாடா"ன்னு கேட்டாங்க, அவ்ளோதான். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. எனக்கு புரிஞ்சிடுச்சு.

எங்களுக்கு அரை ஏக்கர் சாமந்தி இருக்கு, இந்த வாரம் விட்டா அப்புறம் விநாயகர் சதுர்த்திக்கு பறிப்பு ஆரம்பிச்சிடும், நகர முடியாது. கார் கிடையாது, பஸ்தான். எந்த நாள் போலாம், எங்க இறங்கணும், உள்ள ரொம்ப நடக்கணுமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாலக்கோடு_தங்கச்சி — ஆகஸ்ட் 10, இரவு 9:05

அண்ணா நான் பாலக்கோடு பொண்ணு, வாக்கப்பட்டு வந்தது ஜெயநகர், பதினோரு வருஷமா லால்பாக்குக்கு நடந்து போற தூரத்துலதான் இருக்கேன். முதல்ல 15ம் தேதி வெள்ளி, அடுத்து சனி ஞாயிறு, இந்த மூணு நாளும் மறந்துடுங்க. வெள்ளிக்கிழமை லீவு, அதோட வாரக்கடைசி சேர்ந்துக்குது, கண்ணாடி மாளிகை வாசல்ல நிக்கற வரிசைல அம்மாவை நிக்க வெச்சா அவங்க பூவை பாக்க மாட்டாங்க, முன்னாடி நிக்கறவங்க முதுகைத்தான் பாப்பாங்க. செவ்வாய் இல்ல புதன் வாங்க, காலைல எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது.

வழி: உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். மெட்ரோ மஞ்சள் லைன் இன்னைக்குத்தான் பிரதமர் திறந்து வெச்சாரு, நாளைக்கு காலைல இருந்து ஜனங்க ஏறலாம். கிருஷ்ணகிரி வந்து பெங்களூர் பஸ் ஏறுங்க, ஓசூர் அத்திப்பள்ளி சந்தாபுரா தாண்டினதும் பொம்மசந்திரா. அங்க இறங்கிடணும். கண்டக்டர்கிட்ட ஏறும்போதே சொல்லிடுங்க, ஏன்னா அடுத்து எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறிட்டா சில்க் போர்டுலதான் இறக்குவான், அப்புறம் அந்த டிராபிக்ல என்னைய திட்டுவீங்க. பொம்மசந்திரால மெட்ரோ ஏறி கடைசி ஸ்டேஷன் ஆர்.வி. ரோடு, அங்க பச்சை லைனுக்கு மாறி ஜெயநகர், சவுத் எண்ட் சர்க்கிள், மூணாவது லால்பாக். இறங்கினா மேற்கு கேட்.

ஒரே பிரச்சனை, இப்போதைக்கு மூணு ரயில்தான் ஓட்டறாங்களாம், 25 நிமிஷத்துக்கு ஒண்ணு. பொறுமையா நிக்கணும்.

மாங்கா_மடையன் — ஆகஸ்ட் 10, இரவு 9:18

நான் கிருஷ்ணகிரிக்கு ரயில் வந்ததும் நேரா ரயில்லயே லால்பாக் போலாம்னு வெயிட் பண்ணிட்டு இருக்கேன். எங்க தாத்தாவும் அப்படித்தான் வெயிட் பண்ணாரு.

பாராமகால் — ஆகஸ்ட் 10, இரவு 9:31

@மாங்கா_மடையன் உங்க தாத்தாவோட அப்பா ரயில்ல போயிருப்பாரு தம்பி. 1905ல திருப்பத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கு குட்டி ரயில் ஓடுச்சு, 1941ல போர் சமயத்துல நிறுத்தி தண்டவாளத்தையே பிடுங்கிட்டாங்க. மொரப்பூர்-தர்மபுரி-ஓசூர் குட்டி ரயிலுக்கும் அதே கதைதான், தர்மபுரி ஓசூருக்காவது பிற்பாடு பெரிய லைன் வந்துச்சு, கிருஷ்ணகிரி மட்டும் இன்னும் பஸ் ஸ்டாண்டை நம்பித்தான் இருக்கு.

மாங்கா_மடையன் — ஆகஸ்ட் 10, இரவு 9:33

ஆரம்பிச்சிட்டாருய்யா வாத்தியாரு

தர்மபுரி_செந்தில் — ஆகஸ்ட் 10, இரவு 10:02

போறதுன்னா விக்டோரியா ராணி சிலைகிட்டயும் ஒரு போட்டோ எடுத்துக்கங்க ப்ரோ, கைல உருண்டை வெச்சுக்கிட்டு வெள்ளையா நிக்கும், செம்மயா இருக்கும். லால்பாக்லயே அதான் ஹைலைட்.

பாராமகால் — ஆகஸ்ட் 10, இரவு 10:20

செந்தில் தம்பி, அது கப்பன் பார்க். பாதி பேர் இதைக் குழப்பிக்கறாங்க. விக்டோரியா சிலை 1906ல திறந்தது, கப்பன் பார்க் மூலைல எம்.ஜி. ரோட்டைப் பாத்து நிக்குது. அந்தப் பார்க்கே 1870ல சேங்கினு ஒரு இன்ஜினியர் போட்டது. லால்பாக் அதை விட நூறு வருஷத்துக்கு மேல பழசு. லால்பாக்ல குதிரை மேல உக்காந்துட்டு இருக்கறது பத்தாவது சாமராஜ உடையார், மைசூர் மகாராஜா. விவேகானந்தர் சிகாகோ போறதுக்கு உதவி பண்ணவங்கள்ல இவரும் ஒருத்தர். 1894ல சின்ன வயசுலயே போய் சேந்துட்டாரு, 31 வயசுதான்.

குதிரைச் சிலைன்னதும் ஞாபகம் வருது, நம்ம தர்மபுரிக்கும் ஒரு குதிரை சிலைக்கும் சம்பந்தம் உண்டு. சென்னைல தீவுத்திடல் பக்கம் அங்கவடி இல்லாம குதிரை மேல உக்காந்து இருக்காரே தாமஸ் மன்றோ, அவரு கவர்னர் ஆகறதுக்கு முன்னாடி 1792ல இருந்து 1799 வரைக்கும் நம்ம பாராமகால்ல (தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கு அப்போ அதான் பேரு) ரீடுங்கற வெள்ளைக்கார அதிகாரிக்குக் கீழ வரி வசூல் வேலை பாத்த ஆளு. விவசாயிகிட்ட நேரா வரி வாங்கற ரயத்துவாரிங்கற முறை ஊறினதே இந்த மண்ணுலதான். தர்மபுரி வெயில்ல காடு காடா அலைஞ்சவனுக்கு சென்னைல சிலை, சேணத்துல கால் வைக்க வளையம்கூட குடுக்கல.

தர்மபுரி_செந்தில் — ஆகஸ்ட் 10, இரவு 10:24

ஓ சாரி சார். நான் காலேஜ் டூர்ல ரெண்டையும் ஒரே நாள்ல பாத்தேன், அப்போ பாத்தது பூரா கூட வந்தவங்களைத்தான் 😅

காவேரிப்பட்டணத்தான் — ஆகஸ்ட் 11, காலை 6:15

தங்கச்சி ரொம்ப நன்றிம்மா, புதன்கிழமைன்னு முடிவு பண்ணிட்டேன். பாராமகால் சார், அம்மாக்கு சொல்றதுக்கு சுருக்கமா லால்பாக் கதை சொல்லுங்களேன், சுருக்கமா.

பாராமகால் — ஆகஸ்ட் 11, காலை 7:50

சுருக்கமாவே சொல்றேன். 1760ல ஹைதர் அலி ஆரம்பிச்சது, அப்போ 40 ஏக்கர்தான், இன்னைக்கு 240 ஏக்கர். அந்த வருஷம் அவருக்கு சுகமான வருஷம் ஒண்ணும் இல்ல, கூட இருந்த காண்டே ராவே கவுத்து விட்டதுல ஸ்ரீரங்கப்பட்டணத்துல இருந்து ராத்திரியோட ராத்திரியா குதிரைல ஆனேக்கல் வந்து பெங்களூர் கோட்டைல நுழைஞ்ச ஆளு. அப்படிப்பட்ட வருஷத்துல தோட்டம் போட்டிருக்காரு பாருங்க. மகன் திப்பு பாரசீகம், துருக்கி, காபூல், மொரீசியஸ்னு ஆள் விட்டு செடி விதை எல்லாம் வரவழைச்சாரு.

அம்மாகிட்ட முக்கியமா சொல்ல வேண்டியது இது. அப்போ நம்ம காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை எல்லாமே அதே மைசூர் ராஜ்ஜியம். 1791 நவம்பர்ல வெள்ளைக்காரன் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைல ஏறப் பாத்து அடி வாங்கிட்டு இறங்கினான், சண்டை போட்டு பிடிக்க முடியல, மறு வருஷம் ஒப்பந்தத்துல எழுதி வாங்கிக்கிட்டான். அதனால லால்பாக் "வேற மாநிலத்துத் தோட்டம்"னு நினைக்க வேண்டாம், முப்பது வருஷம் நம்ம ஊரும் அந்தத் தோட்டமும் ஒரே கஜானா. இந்தப் பக்கத்து வரிப் பணத்துலயும் கொஞ்சம் அந்தச் செடிக்கு தண்ணி ஊத்தி இருக்கும்னு நான் சொன்னா யாரு மறுக்க முடியும்.

இன்னொண்ணு, பெங்களூர்ல தோட்ட வேலைக்குப் பேர் போனவங்க திகளர் ஜனங்க, கரகத் திருவிழா அவங்களோடதுதான். பழைய கன்னடத்துல திகளன்னா தமிழன்னே அர்த்தம். அதுக்கு மேல நான் போகல, சாதி சண்டை ஆரம்பிச்சிடுவீங்க.

1856ல அரசாங்கத் தாவரவியல் தோட்டம் ஆச்சு. 1889ல கண்ணாடி மாளிகை, லண்டன்ல இருந்த கிரிஸ்டல் பேலஸை மனசுல வெச்சு கட்டினது, வார்ப்பிரும்பு கிளாஸ்கோல இருந்து கப்பல்ல வந்துச்சு. லண்டன்ல இருந்தது 1936ல எரிஞ்சு போச்சு, நகல் மட்டும் நம்ம பக்கத்துல நிக்குது.

மாங்கா_மடையன் — ஆகஸ்ட் 11, காலை 8:02

இதான் சுருக்கமா

கல்பட்டறை — ஆகஸ்ட் 11, காலை 11:40

கிருஷ்ணகிரில கிரானைட் பாலிஷ் லைன்ல இருக்கேன். எல்லாரும் பூ பூங்கறீங்க, அந்தப் பாறையை யாரும் சொல்லலையே. கெம்பேகவுடா கோபுரம் நிக்குதே அந்தப் பாறை 300 கோடி வருஷம் பழசு, 1975ல தேசிய புவியியல் நினைவுச்சின்னம்னு போர்டு வெச்சிருக்காங்க. கல்லுக்குப் பேரு நைஸ். நம்ம ஊர்ல இருந்து போகுதே பாரடைசோ கல்லு, கருப்பும் ரோஸும் கலந்து மாவு பிசைஞ்ச மாதிரி கோடு கோடா ஓடும், அதுவும் இதே மாதிரி வெந்து பிசைஞ்சு உருவான கல்லுதான். நான் லால்பாக் போனா பூவைப் பாக்கறது கிடையாது, பாறை மேல ஏறி கோடு எந்தப் பக்கம் போகுதுன்னு பாப்பேன். என் வீட்டுக்காரி திட்டுவா, "லீவு நாள்லயும் கல்லா"ன்னு.

அம்மாக்கு முட்டி வலின்னா முழுசா ஏத்த வேண்டாம், சரிவுல கொஞ்ச தூரம் போனா போதும். பத்து மணிக்கு மேல பாறை சுடும், செருப்பு கழட்டச் சொல்லாதீங்க.

ஓசூர்_ரோஸ் — ஆகஸ்ட் 11, மதியம் 2:15

கெலமங்கலம் பக்கம் ரோஜா பாலிஹவுஸ் வெச்சிருக்கேன். இந்தக் கண்காட்சி பேச்சு வந்தாலே எனக்கு கொஞ்சம் வயித்தெரிச்சல், அதனால நீளமா எழுதிடறேன் பொறுத்துக்கங்க.

கண்ணாடி மாளிகை நடுவுல வருஷா வருஷம் பெருசா ஒண்ணு கட்டுவாங்க. போன ஆகஸ்ட்ல அம்பேத்கர், இந்த ஜனவரில வால்மீகி, இப்போ வெள்ளைக்காரனை எதிர்த்த கித்தூர் ராணி சென்னம்மா, சங்கொள்ளி ராயண்ணா, அவங்களோட கித்தூர் கோட்டை. எப்படிப் பண்றாங்கன்னா முதல்ல இரும்பு கம்பில உருவம், அதுமேல பச்சைக் கலர் ஸ்பாஞ்சு கட்டி கட்டியா அடைச்சு நல்லா தண்ணி குடிக்க வெச்சு, ஒவ்வொரு ரோஜாவா காம்பை ரெண்டு விரக்கடைக்கு சாய்வா வெட்டி குத்திக்கிட்டே போவாங்க. நாங்க 60 சென்டிமீட்டர் காம்பு வரணும்னு உயிரை விட்டு வளக்கறோம், அங்க போய் காம்பைத்தான் முதல்ல வெட்டி எறியறாங்க. கண்காட்சி பத்து பன்னெண்டு நாள், ரோஜா அவ்ளோ நாள் நிக்காது, அதனால நடுவுல பூவை எல்லாம் பிடுங்கிட்டு புதுசா குத்துவாங்க. அதனால மாத்தின மறுநாள் போறவன் கொடுத்து வெச்சவன், மாத்தறதுக்கு முந்தின நாள் போறவனுக்கு சுருங்கின கோட்டைதான்.

ஒரு வருஷம் என் தாஜ்மகால் ரகப் பூவும் அங்க போச்சு. மண்டில எடுத்த ஏஜென்ட் ஒருத்தர் (பேர் வேண்டாம்) பெரிய ஆர்டர், மொத்தமா கொடுங்கன்னு கட்டு கட்டா வாங்கிட்டுப் போனாரு, கட்டுக்கு 20 பூ. மொட்டு விரியாம இருக்க ஒவ்வொரு மொட்டுக்கும் வலைத் தொப்பி மாட்டி, விடிகாலைல வெட்டி, வாளித் தண்ணில நிக்க வெச்சு, குளிர் ரூம்ல போட்டு அனுப்பினேன். அப்புறம் குடும்பத்தோட போய் வரிசைல டிக்கெட் வாங்கிட்டு உள்ள போனா என் பூ, எனக்குத் தெரியும் என் பூ, மூணாவது அடுக்குல கழுத்து தொங்கிட்டு இருக்கு. பக்கத்துல ஒரு ஆளு "சூப்பர் பிளாஸ்டிக் மாதிரியே இருக்கு"ன்னு போட்டோ எடுக்கறாரு. பணம் வர மூணு மாசம் ஆச்சு, அதுலயும் "டேமேஜ்"னு பிடிச்சுக்கிட்டாரு ஏஜென்ட். தோட்டத்து மேல கோவம் இல்ல. ஆனா அந்தக் கோட்டையைப் பாக்கறவங்க யாராவது ஒருத்தர் இது ஓசூர், தளி, ராயக்கோட்டைப் பூன்னு நினைப்பாங்களான்னு ஒரு ஆதங்கம்.

இப்போ ஆடி, முகூர்த்தம் கிடையாது, வரலட்சுமி நோன்பு 8ம் தேதியோட முடிஞ்சுது, ரேட் படுத்துக்கிச்சு. இந்த மாதிரி நேரத்துல கண்காட்சி ஆர்டர் வந்தா உண்மையா உதவிதான், அதையும் சொல்லணும்ல.

பாலக்கோடு_தங்கச்சி — ஆகஸ்ட் 11, மதியம் 3:00

ரோஸ் அண்ணா இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது. பதினோரு வருஷமா அந்தப் பூவை செல்ஃபி எடுத்துட்டு இருந்திருக்கேன்.

என் கட்சி என்னன்னா கண்காட்சிய விட்டுட்டு மத்த நாள் வர்றதுதான் லால்பாக். க்ரும்பிகல்னு ஒரு ஜெர்மன்காரர், லண்டன் கியூ தோட்டத்துல வேலை பாத்துட்டு பரோடா வந்து, 1908ல இங்க வந்தாரு. மைசூர் பிருந்தாவனம் வரைஞ்சதும் அவர்தான். அவரு பண்ண பெரிய வேலையே பெங்களூர் ரோட்ல எந்த மாசமும் ஏதாவது ஒரு மரம் பூத்துக்கிட்டே இருக்கற மாதிரி பாத்துப் பாத்து நட்டதுதான். பிப்ரவரில ரோஸ் கலர் தபேபுயா, இலையே இருக்காது பூ மட்டும் மரம் பூரா, அப்புறம் ஊதா ஜக்கராண்டா, ஏப்ரல் மேல குல்மோகர் சரக்கொன்றை. இதுக்கு டிக்கெட் வரிசை கிடையாது, கம்பி கிடையாது, ஸ்பாஞ்சு கிடையாது. நம்ம சேலம் ரோட்ல நாலு வழி போடறேன்னு வெட்டின புளியமரத்தை எல்லாம் நினைச்சா எனக்கு அந்த ஜெர்மன்காரர் மேல தனி மரியாதை.

பாராமகால் — ஆகஸ்ட் 11, மாலை 5:10

க்ரும்பிகலுக்கு முன்னாடி 34 வருஷம் இருந்த ஜான் கேமரூனை விட்டுட்டீங்களே. கண்ணாடி மாளிகை அவரு காலத்துலதான். நம்ம வீட்ல கூட்டு வைக்கற சௌசௌ, பெங்களூர் கத்திரிக்காய்னு சொல்றோமே, அது மெக்சிகோ பக்கத்துக் காய், அதை இந்தப் பக்கம் லால்பாக் வழியா பரப்பினது கேமரூன்தான். அதான் பேர்லயே பெங்களூர் ஒட்டிக்கிச்சு.

மாங்கா_மடையன் — ஆகஸ்ட் 11, மாலை 5:14

சௌசௌ கூட்டுக்கு காரணமான ஆளு பேரைச் சொன்னதுக்கு நன்றி. சின்ன வயசுல இருந்து தேடிட்டு இருந்தேன்.

தர்மபுரி_செந்தில் — ஆகஸ்ட் 12, காலை 9:30

இவ்ளோ தூரம் போறதுக்கு பதிலா நம்ம கேஆர்பி டேம் (கிருஷ்ணகிரி அணை) பூங்காவே போதாதா? அதுவும் 1957ல இருந்து இருக்கு, மீன் வறுவல் வேற கிடைக்கும். சிலை வேணும்னா அதியமான்கோட்டைல அதியமான், ஔவைக்கு நெல்லிக்கனி குடுக்கறாரு.

காவேரிப்பட்டணத்தான் — ஆகஸ்ட் 12, மதியம் 12:45

செந்தில் ப்ரோ டேம் எங்க வீட்ல இருந்து கூப்பிடு தூரம். அம்மா அங்க மீன் வாங்க மட்டும்தான் போவாங்க, பூங்காக்குள்ள ஒரு தடவை கூப்பிட்டதுக்கு "நம்ம காட்லயே பூ இருக்கு, காசு குடுத்து எதுக்கு"ன்னுட்டாங்க. லால்பாக்னதும்தான் பெட்டில இருந்த பட்டுப்புடவை வெளிய வந்துச்சு. நாளைக்கு விடிகாலைல கிளம்பறோம். மழை வராம இருந்தா சரி.

காவேரிப்பட்டணத்தான் — ஆகஸ்ட் 14, இரவு 8:20

போயிட்டு வந்துட்டோம். நேத்து ராத்திரி வர லேட், அப்படியே படுத்தாச்சு. இன்னைக்கு பூரா காட்ல வேலை, இப்போதான் உக்காந்தேன். முழுசா சொல்லிடறேன்.

அஞ்சரைக்கு கிளம்பி கிருஷ்ணகிரில பெங்களூர் பஸ். கண்டக்டர்கிட்ட பொம்மசந்திரான்னதும் "எல்லாரும் மெட்ரோ பாக்கவே போறீங்களா"ன்னாரு. ஸ்டேஷன்ல ரயில் இப்போதான் போச்சு, அடுத்ததுக்கு 25 நிமிஷம், தங்கச்சி சொன்ன அதே கணக்கு. அம்மா பிளாட்பாரம் பெஞ்சுல உக்காந்து பைல இருந்து பூச்சரம் எடுத்து கட்ட ஆரம்பிச்சிட்டாங்க, நார், சாமந்தி எல்லாம் கொண்டு வந்திருக்காங்க எனக்கே தெரியாது. பக்கத்துல ஐடி கார்டு மாட்டின ரெண்டு பொண்ணுங்க வேடிக்கை பாத்துச்சுங்க, ரயில் வர்றதுக்குள்ள ஆளுக்கு ஒரு முழம் குடுத்து தலைல வெச்சு விட்டாங்க. அந்தப் பொண்ணுங்க தமிழ், ஒண்ணு ஊத்தங்கரையாம்.

லால்பாக் உள்ள போனதும் அம்மா முதல்ல கேட்டது கடிகாரம் எங்கன்னுதான். நான்தான் புத்திசாலி மாதிரி கூட்டம் வர்றதுக்குள்ள கண்ணாடி மாளிகை பாத்துடலாம்மான்னு இழுத்துட்டுப் போனேன். வரிசை அரை மணிக்குள்ள நகந்துச்சு. உள்ள கித்தூர் கோட்டை, ரோஜாலயே சுவர், கோபுரம், கண்ணைப் பறிக்குது. எல்லாரும் போன் தூக்கிட்டு நிக்க அம்மா மட்டும் கம்பிக்கு மேல குனிஞ்சு மோந்து பாத்தாங்க, ஒரு காவல்கார அம்மா விசில் ஊதி "முட்டபேடி முட்டபேடி" (தொடாதீங்க)ன்னு ஓடி வந்துச்சு. இவங்க "நானு முட்டலில்லம்மா, மூஸ் நோடிதே" (தொடலம்மா, மோந்துதான் பாத்தேன்)ன்னு இவங்களுக்குத் தெரிஞ்ச கன்னடத்துல சொல்லிட்டு என்கிட்ட திரும்பி "வாசமே இல்லடா"ன்னாங்க. அப்புறம் சுவரை ஒரு தடவை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு "இதுல எத்தனை குடும்பத்து பறிப்பு இருக்கும்"னாங்க. ரோஸ் அண்ணா, நீங்க எழுதினதை நான் அவங்களுக்குப் படிச்சே காட்டல, அவங்களா சொன்னது.

கோட்டையை விட அவங்களுக்குப் பிடிச்சது ஓரத்துல தொட்டில வரிசையா வெச்சிருந்த செடிங்கதான். கோழிக்கொண்டை, சால்வியா, பெட்டூனியா. ஒவ்வொரு தொட்டியா மண்ணைப் பாத்துட்டு "ரெண்டு மூணு மாசம் முன்னாடியே விதை விட்டிருக்கான், நாளைக் கணக்கு பண்ணி விட்டிருக்கான்"னு சொன்னாங்க. சதுர்த்திக்கு சாமந்தி சரியா விரியணும்னு நாங்க படற பாடு அதேதான்.

பாறைக்குப் போனோம், கல்பட்டறை அண்ணன் சொன்ன மாதிரி கொஞ்ச தூரம்தான். அம்மா உக்காந்து கட்டு சோறு பிரிச்சாங்க, புளிசாதம், வாழை இலைல மடிச்சு. உள்ள பிளாஸ்டிக் கூடாதுன்னு தெரிஞ்சு இலைல கட்டல, எப்பவுமே அப்படித்தான் கட்டுவாங்க. 300 கோடி வருஷம்மான்னு சொன்னேன், "நம்ம கிருஷ்ணகிரி மலை மட்டும் நேத்தா வந்துச்சு"ன்னாங்க.

அந்த இலவ மரம் ஒண்ணு இருக்கு பாருங்க, வேரு சுவர் மாதிரி ஆள் உயரத்துக்கு நிக்கும், அது சந்துல ஒரு குடும்பமே உக்காரலாம். அங்க அம்மா அரை மணி நேரம் பேசாம இருந்தாங்க. நானும் ஒண்ணும் கேக்கல.

கடைசியாத்தான் கடிகாரம். அதுக்குள்ள மணி ரெண்டு ஆயிடுச்சு, ஸ்கூல் பசங்க கூட்டம் நாலு பஸ்ஸு. போட்டோ எடுக்க போனை தூக்கினா ஸ்டோரேஜ் ஃபுல். நின்ன இடத்துலயே குட் மார்னிங் வீடியோவா அழிக்கறேன், அழிச்சு அழிச்சு தீரல, அம்மா வெயில்ல புடவைத் தலைப்பை சரி பண்ணிட்டு நிக்கறாங்க, "எங்கூட வந்த மனுசன் ஒரே ஃபிலிம்ல எடுத்தாரு"ன்னு ஒரு குத்து வேற. கடைசில எடுத்துட்டேன்.

பாலக்கோடு_தங்கச்சி — ஆகஸ்ட் 14, இரவு 8:41

அண்ணா என்னைய கூப்பிட்டிருந்தா நான் வந்து எடுத்திருப்பேனே, பத்து நிமிஷம்தான் வீட்ல இருந்து. அம்மாகிட்ட ஒரு முழம் பூவும் வாங்கி இருப்பேன். அடுத்த தடவை பிப்ரவரில கூட்டிட்டு வாங்க, சாப்பாடு எங்க வீட்ல.

கல்பட்டறை — ஆகஸ்ட் 14, இரவு 8:55

அம்மா சொன்னது கரெக்ட். நம்ம மலையும் நேத்து வந்தது இல்ல.

ஓசூர்_ரோஸ் — ஆகஸ்ட் 14, இரவு 9:30

வாசம் இல்லங்கறதுக்கு காரணம் சொல்றேன் அம்மாகிட்ட சொல்லுங்க. இந்தக் கட் ரோஜா எல்லாம் காம்பு நீளமா வரணும், வெட்டினப்புறம் நிறைய நாள் நிக்கணும், பெட்டில அடுக்கி ஏரோப்ளேன் ஏத்தினாலும் நசுங்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்து ஒட்டு சேத்த ரகம். அந்தப் பட்டியல்ல வாசனையை யாரும் கேக்கல, அது தானா கழண்டு போச்சு. பிப்ரவரி 14க்கு வெளிநாடு போற பூவை யாரும் மோந்து பாத்து விலை போடறது கிடையாது, சென்டிமீட்டர் ஸ்கேல் வெச்சுத்தான் போடறான். வாசம் வேணும்னா நம்ம பன்னீர் ரோஜாதான், காலைல பறிச்சா சாயங்காலம் உதுந்துடும், ஆனா அந்த ஒரு நாளைக்கு வீடே மணக்கும்.

என் வீட்டு வாசல்ல ரெண்டு செடி இருக்கு. பதியன் போட்டுத் தரேன்.

பாராமகால் — ஆகஸ்ட் 14, இரவு 10:05

ஒரு சந்தேகம் தம்பி. 1987 போட்டோல அந்தக் கடிகாரம் எத்தனை மணி காட்டுது, இப்போ எடுத்ததுல எத்தனை மணி? ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தீங்களா?

காவேரிப்பட்டணத்தான் — ஆகஸ்ட் 14, இரவு 10:22

பாத்தேன் சார். ரெண்டுலயும் அம்மா முள்ளை மறைச்சுட்டுத்தான் நிக்கறாங்க.

மாங்கா_மடையன் — ஆகஸ்ட் 14, இரவு 10:24

சித்தப்பா நல்லா இருக்காரா?

காவேரிப்பட்டணத்தான் — ஆகஸ்ட் 14, இரவு 10:31

ஸ்கூல் பசங்க மறைச்சுட்டாங்க ப்ரோ, தேட முடியல. பிப்ரவரில பாத்து சொல்றேன்.

@ஓசூர்_ரோஸ் அண்ணா, பதியன் சொன்னதும் அம்மா தூங்கப் போனவங்க எந்திரிச்சு வந்துட்டாங்க. எப்போ வரலாம், தொட்டி கொண்டு வரணுமா?

ஓசூர்_ரோஸ் — ஆகஸ்ட் 14, இரவு 10:48

தொட்டி வேண்டாம், ஈரச் சாக்கு போதும். வேர் பிடிக்க ஒரு மாசம் ஆகும், சதுர்த்தி பறிப்பு எல்லாம் முடிச்சுட்டு நிதானமா வாங்க. புதன்கிழமை மட்டும் வேண்டாம், மருந்து அடிப்போம்.